பூங்காவில் நைனா பிடித்த கை

எங்கள் ஊர்ப் பூங்காவில் ஓர் இரும்புச் சிற்பம் இருக்கிறது. சிற்பம் என்பது அதன் காலடியில் பதித்த பலகையில் இருக்கிற சொல். ஊரில் எல்லாருக்கும் அது "அந்த இரும்பு"தான். "இரும்புகிட்ட நில்லு, வர்றேன்" என்றால் ஆட்டோக்காரர்களுக்குக்கூடப் புரியும். ஆம்பூரில் பஸ் ஏறி, கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர் எங்களுடையது. தோல் பதனிட்டு மூடிப்போன டேனரிகளில் துருப்பிடித்துக் கிடந்த சாமான்களைச் சேர்த்து, வெளியூர்ச் சிற்பி ஒருவரை வரவழைத்துப் பற்றவைத்து நிறுத்தினார்கள். தோல் போட்டுச் சுற்றுகிற டிரம்மின் வளையங்கள், பாதி பல்சக்கரம், வளைந்த தகடுகள், கழிவு ஓடிய குழாய்கள். கேட் பக்கமிருந்து பார்த்தால் பறவை மாதிரி, குழந்தைகள் விளையாடுகிற பக்கமிருந்து பார்த்தால் ஹைவேயில் கவிழ்ந்த லாரி மாதிரி. பலகையில் 'எழுச்சி' என்று போட்டிருந்தது. எது எழுந்தது, யார் எழுந்தார்கள் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

அந்த இரும்புக்குள் என் நைனாவின் வலது கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை இருந்தது. மாட்டிக்கொண்டது என்று ஊர் சொன்னது. போனில் எடுத்த வீடியோவுக்கும் அப்படித்தான் தலைப்புப் போட்டார்கள். மாட்டவில்லை. அவர் எதையோ பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றார்.

நைனாவுக்கு ஆயுசில் பாதிக்கு மேல் டேனரியில் போனது. ஈரத் தோலைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருக்கும். இப்போது அவருக்கு மறதி நோய். முதலில் சாவி, செருப்பு என்று மறந்தார். பிறகு அம்மா இறந்ததை மறந்து, சாயங்காலமானால் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்து அடுப்படியில் அவளைத் தேடினார். என்னை மட்டும் இன்னும் மறக்கவில்லை. "சின்னவனே" என்று கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சின்னவன் என்றால் பெரியவன் ஒருவன் இருக்க வேண்டும் அல்லவா? இருந்தான். என் அண்ணன். நைனா வேலை பார்த்த டேனரியிலேயே அவனும் வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் கழிவுத் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்க அவனை உள்ளே இறக்கினார்கள். மேலே நின்றது நைனா. உள்ளே வாயு இருந்திருக்கிறது. அண்ணன் மயங்கிச் சரிய, நைனா குனிந்து பிடித்த அவன் கை சுண்ணாம்பும் கொழுப்புமாக வழுக்கிவிட்டது. பின்னாலேயே குதிக்கப் போன நைனாவைக் கூட இருந்தவர்கள் கீழே தள்ளி அவர்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். குதித்திருந்தால் இரண்டு பாடை. நான் அப்போது ஷூ கம்பெனியில் ஷிப்டில் இருந்தேன். ஆள் வந்து கூப்பிட்டபோது நைனாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

அதற்குப் பிறகு நைனா அழவே இல்லை. "வழுக்கிடுச்சு" என்று ஒரே ஒரு முறை அம்மாவிடம் சொன்னார். மறதி வந்தபோது, இதையாவது மறந்து தொலைக்கட்டுமே என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிற நோய் அந்தத் தொட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போகும் என்று யார் கண்டது?

ஞாயிற்றுக்கிழமைகளில் நைனாவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். இரண்டு சுற்று நடப்பார், பெஞ்சில் உட்காருவார், வேர்க்கடலை தின்பார். அந்த இரும்பை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இரும்பின் அடியில் ஒரு குழாய் சாய்ந்து படுத்திருக்கும். அதன் வாய் முழங்கால் உயரத்தில் இருக்கும், ஒரு சொம்பு நுழைகிற அளவு. மறு முனை பின்பக்கம் தரையோடு ஒட்டி, விரல் மட்டும் போகிற சந்தாக முடியும். வாய் திறந்திருந்தால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காதே. பிரியாணிப் பொட்டலம், எலும்பு, தயிர்ப் பச்சடி ஊற்றின பிளாஸ்டிக் கவர் எல்லாம் அதற்குள்தான். குப்பைத் தொட்டி பத்தடியில் சுத்தமாக, காலியாக நிற்கும்.

அந்த வாரம் நல்ல மழை. ஞாயிறு காலையில் வெயில் வந்துவிட்டது. பூங்காவில் நுழைந்ததுமே எனக்கு நாற்றம் அடித்தது. குழாய்க்குள் தண்ணீர் தேங்கி, எலும்பும் சோறும் ஊறி, அழுகின முட்டை வாடை, டேனரித் தொட்டி வாயுவின் அதே வாடை. எங்கள் ஊரில் மூக்கு சீக்கிரம் பழகிவிடும், நான் பொருட்படுத்தவில்லை. நைனாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு கேட்டுக்கு வெளியே பாய் கடையில் டீ வாங்கப் போனேன். டீயோடு திரும்பி வந்தபோது பெஞ்ச் காலி. நைனா இரும்புக்கு முன்னால் மண்டியிட்டு, தோள்வரை கையை அந்தக் குழாய்க்குள் விட்டிருந்தார். கன்னம் தகட்டோடு அழுந்தியிருந்தது.

"ஓய்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "ஓய்! குரல் குடுடா!"

டீ கையிலிருந்து விழுந்துவிட்டது. எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்து டேனரிகளில் தொட்டிக்குள் ஆள் இறங்கினால் மேலே ஒருவன் நிற்பான். அவனுக்கு வேலை குரல் கேட்பது. இவன் "ஓய்" என்பான், உள்ளே இருப்பவன் "ஓய்" என்று திருப்பிச் சொல்வான். பதில் வராவிட்டால் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். பிடித்த கையை, ஏறி வந்தவன் தன் வாயால் "ஏறிட்டேன்" என்று சொல்லும்வரை விடக் கூடாது. தலை வெளியே தெரிந்தாலும் விடக் கூடாது. பாதி ஏறினவன் மயங்கி மறுபடி உள்ளே விழுவதுண்டு. மெஷின் இறங்க வேண்டிய இடத்தில் மனுஷனை இறக்கிவிட்டு, அதற்கு ஒரு முறை, ஒரு ஒழுங்கு வேறு. அண்ணன் "ஏறிட்டேன்" என்று சொல்லவில்லை.

"நைனா, என்ன பண்ற? கையை எடு" என்று அவர் தோளைப் பிடித்தேன்.

"தள்ளுடா. உள்ள பெரியவன் கீறான். புடிச்சிட்டேன்."

குழாய்க்குள் ஆதாரத்துக்கு ஒரு கம்பியைக் குறுக்கே பற்றவைத்திருக்கிறார்கள். அதைத்தான் பிடித்திருந்தார். நான் இழுத்தேன். இழுக்க இழுக்க அவர் பிடி இறுகியது. குழாயின் வாய் ஓரம் சொரசொரவென்று இருந்ததால் தோளுக்குக் கீழே சதை கிழிந்து ரத்தம் வந்தது. பயந்துபோய் விட்டுவிட்டேன்.

வாட்ச்மேன் வந்தார். டீக்கடை பாய் வந்தார். அப்புறம் ஊரே வந்தது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஒருவர் சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஒருவர் தேங்காயெண்ணெய். பாய் கடையிலிருந்து எண்ணெய் டின்னையே தூக்கிக்கொண்டு வந்தார். வழுவழுப்பு பட்டதும் நைனா அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. "வழுக்குது, வழுக்குது" என்று இன்னும் உள்ளே தோளை நுழைத்துக்கொண்டார். பாய் எண்ணெய்க் கையோடு தலையில் அடித்துக்கொண்டார்.

"பேஜாராப் போச்சே தம்பி. நான் இன்னா நெனச்சி ஊத்துனேன், இன்னா ஆயிடுச்சு பாரு."

"உங்க மேல தப்பு இல்ல பாய்" என்றேன். நாலு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் "தாத்தா, இங்க பாருங்க" என்றான். கல்யாண வீட்டு போட்டோகிராபர் என்று நினைப்பு. அவன் போனைப் பிடுங்கி அதே குழாய்க்குள் போட வேண்டும் போல் இருந்தது. எரிகிற வீட்டில் பிடுங்குகிறவனைவிட மோசமான ஜாதி ஒன்று இப்போது பிறந்திருக்கிறது. இதற்குப் பிடுங்கக்கூட வேண்டாம், எரிவதைப் பார்த்தால் போதும்.

தீயணைப்பு வண்டி வந்தது. அதில் வந்த அதிகாரி நல்ல மனுஷன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கட்டர் வெச்சா தகடு சூடேறும் சார். கை உள்ள இருக்குது, வெந்துடும். மெஷின் வெச்சு அறுத்தா ஆட்டம் தாங்காது, எலும்பு போய்டும். அவரே விட்டார்னா ரெண்டே நிமிஷம், வெளிய வந்துடும். எப்படியாவது விடச் சொல்லுங்க."

ஆம்புலன்ஸில் வந்த பெண் நைனாவின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். தோளில் நீலம் பாரித்திருந்தது. "சுகர் இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். மயக்க ஊசி போட முடியுமா என்று கெஞ்சினேன். இந்த வயசில், இந்த நிலைமையில், இங்கே வைத்துப் போட முடியாது, மூச்சு நின்றுவிடும் என்றாள். "இன்னும் ஜாஸ்தி நேரம் போச்சுன்னா கையை எடுக்க வேண்டி வரும்ணா. பேசுங்கண்ணா, உங்க பேச்சைத்தான் கேப்பாரு."

என் பேச்சை! சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகை வந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. இரும்பு சுட ஆரம்பித்தது. பாய் கோணிப்பையை நனைத்து நனைத்துத் தகட்டின்மேல் போட்டார். நைனாவின் வாயருகே தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோனேன். உதட்டை இறுக மூடிக்கொண்டார். உள்ளே ஆள் இருக்கும்போது மேலே நிற்கிறவன் தண்ணீர் குடிக்க மாட்டான். அதுவும் ஒரு முறை.

நான் அவர் பக்கத்தில் மண்டியிட்டேன். உண்மையைச் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது. வேறு எதுவும் என்னிடம் இல்லை.

"நைனா, நல்லாக் கேளு. அண்ணன் இல்ல. செத்துப் போய்ட்டான். நாமதான் எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணோம். இது வெறும் இரும்பு. உள்ள யாரும் இல்ல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"உசுரோட கீறவனைச் செத்துட்டான்னு சொல்றியே, நீயெல்லாம் கூடப்பொறந்தவனா?"

எழுந்து இரும்பின் பின்பக்கம் போனேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும். அங்கே தகட்டில் சாய்ந்து உட்கார்ந்தபோது, தரையோடு இருந்த அந்தச் சந்திலிருந்து நைனாவின் குரல் வந்தது. குழாய்க்குள் ஓடி, தேங்கின தண்ணீரில் பட்டு, தொட்டிக்குள்ளிருந்து மேலே கேட்கிற குரல் எப்படி இருக்குமோ அப்படி வந்தது. "ஓய்... பெரியவனே... ஓய்..."

அவருக்கு வேண்டியது உண்மை இல்லை. பதில் குரல். இத்தனை வருஷமாக அதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்.

நான் குப்புறப் படுத்துச் சந்தில் வாயை வைத்தேன். வழிந்திருந்த சகதி முகமெல்லாம் அப்பியது. அண்ணனுக்குக் கட்டைக் குரல். நைனாவை அவன் "யோவ் நைனா" என்றுதான் கூப்பிடுவான், கூட வேலை செய்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. வீட்டில் அவனைத் தவிர யாருக்கும் அந்தத் தைரியம் கிடையாது.

"ஓய்" என்றேன்.

மறுபக்கம் சத்தம் நின்றது. கூட்டத்தின் சத்தமும் நின்றது. யாரோ எல்லாரையும் அமர்த்தியிருக்க வேண்டும்.

"ஓய்" என்று நைனா மெதுவாகச் சொன்னார்.

"ஓய். யோவ் நைனா, ஏறிட்டேன்யா. கையை விடு."

"நெஜமா ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

"மூச்சு வருதா?"

"வருது நைனா. நல்லா வருது."

"விட்டுட்டா விழ மாட்டியே?"

அண்ணன் எதற்கும் சிரிப்பான். சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று முயற்சி செய்தேன். "நான் ஏன்யா விழறேன்? விடுய்யா."

அதிகாரி "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்தினார். கூட்டம் கை தட்டியது. எதற்குத் தட்டினார்களோ தெரியவில்லை. நான் எழுந்து முன்பக்கம் ஓடினேன். நைனா தரையில் உட்கார்ந்திருந்தார். கை வீங்கி, எண்ணெயும் ரத்தமுமாக மடியில் கிடந்தது. அந்தப் பெண் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தில் சகதி இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இடது கையை நீட்டி என் மூக்குக்கு நேராக வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தார். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணன் சாவுக்கு அழாத அழுகை அத்தனையும் அழுதார்.

"வழுக்கிடுச்சுன்னு நெனச்சேன்டா பெரியவனே. வழுக்கிடுச்சுன்னே நெனச்சுட்டேன்டா."

"இல்ல நைனா. நீ விடல."

பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னபோது என் நெஞ்சிலிருந்தும் ஏதோ இறங்கியது. நானும் அழுதேன். அண்ணனுக்காக அழுதேனா, அண்ணனாக அழுதேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது தண்ணீர் குடித்தார். மடக் மடக்கென்று பாட்டிலையே காலி செய்தார். வேலை முடிந்த ஆள் குடிக்கிற தண்ணீர். அப்பாடா என்று நானும் கண்ணை மூடினேன். வண்டி பூங்கா கேட்டைத் தாண்டியிருக்காது.

"சின்னவன் எங்கடா?" என்றார்.

"என்ன நைனா?"

"உன் தம்பிடா. உன்னைத் தூக்கத்தானே பின்னாலேயே எறங்குனான்? அவன் ஏறலியே! வண்டியை நிறுத்தச் சொல்லுடா!"

கட்டுப் போட்ட கையால் ஆம்புலன்ஸ் கதவை அடித்தார். அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து அவரைப் பிடித்துப் படுக்கவைத்தோம். அன்றைக்கு டேனரியில் அவர்மேல் உட்கார்ந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

கை பிழைத்துக்கொண்டது. இரண்டு விரல் மட்டும் மடங்காது. குழாயின் வாயை ஒரு தகடு வைத்து அடைத்துவிட்டார்கள். இனி யார் கையும் உள்ளே போகாது. பிரியாணிப் பொட்டலங்கள் இப்போது இரும்பைச் சுற்றித் தரையில் கிடக்கின்றன.

வீட்டில் நான் பெரியவன். மூன்று வேளையும் என் கையால்தான் சாப்பிடுகிறார். "நீ வந்துட்டே, எனக்கு அது போதும்" என்று தடவிக்கொடுப்பார். என்னை இப்படி அவர் ஒருநாளும் தடவிக்கொடுத்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், செத்துப்போனவன்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சோறு முடிந்ததும் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து குப்புறப் படுத்து, அடியில் இருக்கிற இருட்டுக்குள் கையைத் தொங்கவிட்டுத் துழாவுவார். "ஓய்... சின்னவனே... குரல் குடுடா." குரல் கட்டிப்போகும்வரை கூப்பிடுவார். கையைத் தூக்கி மேலே வைத்தால் மறுபடி விடுவார். அவர் கூப்பிடுகிற ஆளான நான் அந்த அறையிலேயே, சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"ஏங்க, ஒரு தடவை குரல் குடுத்துடுங்களேன். பாவமா இருக்குதுங்க" என்று என் மனைவி அழுவாள். எனக்கு ஆசை இல்லாமலா? தலையைக் கட்டிலுக்கு அடியில் நுழைத்து ஒரு "ஓய்" சொன்னால் போதும், என் பெயரால் என் நைனா என்னைக் கட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்ற பயம்தான் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

போன வாரம் அவருக்குக் காய்ச்சல். கூப்பிட்டுக் கூப்பிட்டு வாயில் நுரை தள்ளியது. எனக்குத் தாங்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்தேன். தொங்கிக்கொண்டிருந்த கையைப் பிடித்தேன். நெருப்பாகக் கொதித்தது.

"ஓய்" என்றேன், என் சொந்தக் குரலில். "நைனா, நான் சின்னவன். ஏறிட்டேன்."

அவர் கை என் கையை நசுக்கிவிடுவது போல் பிடித்தது. நான் வெளியே வந்து அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் மூக்குக்கு நேராக விரலை வைத்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டியாடா சின்னவனே" என்று என் தலையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். காய்ச்சல் உடம்பின் சூட்டில் நான் அப்படியே கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம்தான் இருக்கும்.

பிறகு அவர் என் தலையை நகர்த்திவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார்.

"அண்ணன் எங்கடா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் மறுபடி கையை விட்டார்.